ஜங்ஷனில் எழுத வேண்டிய கணக்கு

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு ரயில் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். பங்காருப்பேட்டையிலிருந்து கோலார் தங்கவயலின் கடைசி நிலையமான மாரிக்குப்பத்துக்கு 16. பாம்பனிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஏறத்தாழ 10. இங்கிலாந்தின் ஸ்டோர்பிரிட்ஜ் நகரில் ஒரு கிளை இருக்கிறது, அதன் முழு நீளமே 1.3 கிலோமீட்டர்தான், ஏறி உட்கார்ந்தால் மூன்றே நிமிடத்தில் இறங்கிவிடலாம். மாகாணங்களைக் கோத்த நெடும்பாதைகளைப் பற்றி இதுவரை பேசிவந்த இந்தத் தொடர் இந்த முறை இத்தகைய குட்டிக் கிளைகளிடம் வந்து நிற்கிறது. இவற்றைப் பற்றி இரண்டு விதமான ஆட்கள்தான் இதுவரை அதிகம் பேசியிருக்கிறார்கள். ஒருவர் ரயில்வேயின் கணக்கு அதிகாரி. அவருக்கு இவை நட்டக்கணக்கின் நிரந்தர வாடிக்கையாளர்கள். இன்னொருவர் ரயில் பிரியர். அவருக்கு இவை பொம்மை போல அழகானவை. திட்டுகிறவரும் கொஞ்சுகிறவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பாதையை அதன் ஜங்ஷனிலிருந்து வெட்டியெடுத்துத் தனியே மேசைமேல் வைத்துப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அதன் வரவும் தெரியாது, அழகின் காரணமும் தெரியாது என்பதே இந்தப் பகுதியில் நான் சொல்ல விரும்புவது.

இந்தக் கிளைகள் ஏன் பிறந்தன என்பதிலிருந்து தொடங்கினால் விஷயம் துலங்கும். பெரும்பாதை போட்ட பொறியாளர்களுக்குத் துறைமுகமும் தலைநகரமும் கண்ணில் பட்ட அளவுக்கு இடையில் உள்ள ஊர்கள் படவில்லை. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போடப்பட்ட பாதை திருவாரூர், நீடாமங்கலம் வழியாக மேற்கே போயிற்று. ராஜகோபால சுவாமி கோயிலும் பெரிய கடைத்தெருவும் உள்ள மன்னார்குடி தெற்கே தள்ளி நின்றுவிட்டது. சேலத்துக்கு ரயில் வந்தபோது நிலையம் ஊருக்கு வெளியே சூரமங்கலத்தில் அமைந்தது. ஸ்டோர்பிரிட்ஜிலும் இதே கதைதான்: 1852-இல் வந்த பெரும்பாதை நகரத்தின் ஓரமாக ஒதுங்கிப் போனது. பெரும்பாதை விட்டுச் சென்ற ஊர்கள் சும்மா இருக்கவில்லை. தங்களுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே கிடந்த அந்தச் சில மைல்களை எப்படியாவது அடைத்துவிடத் துடித்தன. ஸ்டோர்பிரிட்ஜ் நகரக் கிளை 1879-இல் திறந்தது. சூரமங்கலத்திலிருந்து சேலம் நகருக்குள் ஒரு துண்டுப் பாதை நீண்டது. அதுவே பிற்பாடு விருத்தாசலம் வரை வளர்ந்தது. தஞ்சை மாவட்டத்திலோ ஜில்லா போர்டே ரயில் முதலாளியாக இறங்கியது. நிலவரியோடு சேர்த்து ரூபாய்க்குச் சில தம்படி வீதம் மக்களிடமிருந்து தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டைக்கு 54 மைல் பாதையை 1894-இல் திறந்தது. பிறகு அது அறந்தாங்கி வரை போயிற்று. லண்டனில் பங்கு விற்று, அரசாங்கத்தின் வட்டி உத்தரவாதத்தோடு போடப்பட்ட பெரும்பாதைகளின் நடுவே, உள்ளூர் மிராசுதாரும் குடியானவனும் கொடுத்த காசில் எழுந்த பாதை இது. கிளைப் பாதைகளின் வரலாறு பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். பெரும்பாதையின் வரைபடத்தில் இருந்த பிழையை ஊர்கள் தங்கள் செலவில் திருத்திக்கொண்ட வரலாறு.

ரயில் பிரியர் சொல்லும் அழகு வெறும் மனமயக்கம் அல்ல. அதற்குத் தொழில்முறைக் காரணங்கள் உண்டு. நீண்ட பாதையில் இரண்டு வண்டிகள் மோதாமல் இருக்க சிக்னல், டோக்கன் கருவி, தந்தி, இடைநிலையங்கள் என்று பெரிய ஏற்பாடு வேண்டும். குட்டிக் கிளையில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி என்று வைத்துவிட்டால் அத்தனையும் தேவையில்லை. டிரைவர் கையில் ஒரு கோல் கொடுப்பார்கள். அந்தக் கோல் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது கையில் இல்லாமல் யாரும் பாதையில் நுழையக் கூடாது. கடைசி நிலையத்தில் என்ஜினைத் திருப்ப வட்டமேடை இருக்காது. என்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தடத்தின் வழியாகச் சுற்றிவந்து மறுமுனையில் மாட்டுவார்கள். திரும்பும்போது நீராவி என்ஜின் நிலக்கரித் தொட்டி முன்னால் வர, பின்புறமாகவே ஓடும். அதே டிரைவர், அதே கார்டு, அதே இரண்டு மூன்று பெட்டிகள் ஒரு நாளில் பலமுறை போய் வருவதால் பயணிகளுக்கு அவர்களும், அவர்களுக்குப் பயணிகளும் பழக்கமாகிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வண்டி தன் விருப்பத்துக்குப் புறப்படாது. ஜங்ஷனில் மெயில் தாமதமானால் அதுவும் காத்து நிற்கும். மெயிலிலிருந்து இறங்கியவர் மூட்டை முடிச்சோடு நடைமேடையைக் கடந்து வரும் வரைக்கும் அதற்கு வேறு வேலை கிடையாது. குட்டி ரயிலின் வசீகரம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதில் பாதி இந்தக் காத்திருத்தல்தான். தனியாக ஓடும் வண்டி எதற்காகக் காத்திருக்கும்?

இனிக் கணக்கு அதிகாரியிடம் வருவோம். அவருடைய வாதத்தை மிகத் தெளிவாக எழுதியவர் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவராக இருந்த டாக்டர் ரிச்சர்ட் பீச்சிங். 1963 மார்ச்சில் வெளியான அவருடைய அறிக்கை, நாட்டின் பாதை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, மொத்தப் பயணி மைல்களில் நூற்றுக்கு ஒன்றைத்தான் சுமக்கிறது என்று காட்டியது. சுமார் 5,000 மைல் பாதையையும் 2,363 நிலையங்களையும் மூடலாம் என்றது. எண்ணில் பொய் இல்லை. ஆனால் அந்த எண் எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். பயணி மைல் என்பது ஆள்களைத் தூரத்தால் பெருக்கி வருவது. பாதை குட்டையானால் பெருக்குத்தொகையும் குட்டையாகத்தான் வரும். அதில் எத்தனை பேர் ஏறினாலும் சரி. ஐந்து மைல் கிளையில் ஏறி, ஜங்ஷனில் வண்டி மாறி, முந்நூறு மைல் போகிறவர் கிளையின் ஏட்டில் ஐந்து மைல் பயணியாகவும் பெரும்பாதையின் ஏட்டில் முந்நூறு மைல் பயணியாகவும் பதிவாகிறார். பெரும்பாதை லாபம் காட்டுகிறது, கிளை நட்டம் காட்டுகிறது, ஆள் ஒருவர்தான்.

பீச்சிங்கைப் படித்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள், நியாயமான குறுக்கீடுதான். கிளைகள் பெரும்பாதைக்குக் கொண்டுவரும் வருமானத்தை அந்த அறிக்கை கணக்கில் எடுக்காமல் இல்லை. எடுத்துக்கொண்டு, கிளையை மூடினாலும் அந்த வருமானத்தின் பெரும்பகுதி போய்விடாது, மக்கள் பஸ்ஸிலோ காரிலோ ஜங்ஷனுக்கு வந்து ஏறிக்கொள்வார்கள் என்று வாதிட்டது. எல்லாமே இந்த ஒரு ஊகத்தின்மேல்தான் நிற்கிறது. கிளைகள் மூடப்பட்ட பிறகு நடந்தது வேறு. ரயிலுக்குப் பதிலாக விடப்பட்ட பஸ்கள் பல ஊர்களில் நீடிக்கவில்லை. கார் வைத்திருந்தவர், ஜங்ஷன் வரைக்கும் காரில் போய் அதை அங்கே விட்டுவிட்டு ரயில் ஏறுவதற்குப் பதிலாக, வந்த வழியே சாலையிலேயே ஊர் போய்ச் சேர்ந்தார். பல கிளைகளை மூடியும் ரயில்வேயின் நட்டம் எதிர்பார்த்தபடி அடைபடவில்லை. அந்த ஊகத்துக்கு மாற்றுச் சோதனையும் அதே நாட்டில் நடந்தது. கார்ன்வால் கடற்கரையில் 1877-இல் திறந்த நாலே கால் மைல் செயின்ட் ஐவ்ஸ் கிளையும், அதே கார்ன்வாலில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓடும் லூ கிளையும் மூடும் பட்டியலில் இருந்தன. 1966-இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த பார்பரா காசில் மறுத்துவிட்டார். ரயில்வேக்குப் பணம் மிச்சமாகும் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். கோடை விடுமுறைக் கூட்டத்தை அந்த இடுக்குச் சாலைகளில் தள்ளினால் ஊருக்கு ஆகும் கேடு அதைவிடப் பெரிது என்பது அவர் கணக்கு. 1978-இல் செயின்ட் ஐவ்ஸ் கிளையில் லேலண்ட் சால்ட்டிங்ஸில் ஒரு வாகன நிறுத்துமிடத்தோடு நிலையம் திறந்தார்கள். கார்காரர்கள் வண்டியை அங்கே விட்டுவிட்டுக் குட்டி ரயிலில் கடற்கரைக்குப் போனார்கள். கிளையை மூடினால் மக்கள் காரில் ஜங்ஷனுக்கு வருவார்கள் என்று சொன்ன வாதம் தலைகீழாகி, கிளை திறந்திருந்ததால் காரை விட்டுவிட்டு ரயிலில் ஏறினார்கள். இதற்கிடையே 1968-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், வருமானம் தராவிட்டாலும் சமூகத்துக்குத் தேவையான சேவைகளுக்கு அரசு தனியாகப் பணம் கொடுக்க வழி செய்தது. ரயில்வேயின் ஏட்டில் இடமில்லாத வரவுக்கு வேறோர் ஏட்டில் பத்தி திறந்துவிட்டது என்று இதைச் சொல்லலாம்.

கணக்கை எங்கே எழுதுவது என்ற கேள்விக்கு நம் பக்கத்தில் கோலார் தங்கவயலை விடச் சிறந்த சாட்சி கிடையாது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880-இல் அங்கே வந்து, சில ஆண்டுகளில் தங்கம் பெருகத் தொடங்கியதும், இயந்திரங்களையும் நிலக்கரியையும் மரத்தையும் கொண்டு சேர்ப்பது பெரும்பாடாயிற்று. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864-இலேயே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பௌரிங்பேட்டை என்று அப்போது அழைக்கப்பட்ட பங்காருப்பேட்டைதான் சுரங்கங்களுக்கு அருகில் இருந்த நிலையம். அங்கிருந்து மைசூர் அரசு பத்து மைல் கிளையை 1894-இல் திறந்தது. அதை ஓட்டும் பொறுப்பு மதராஸ் ரயில்வேயிடம் இருந்தது. பாதையை அகலப்பாதையாகவே போட்டார்கள் என்பது முக்கியம். மதராஸ் துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு வழியில் இறக்கி ஏற்றாமல் நேரே சுரங்க வாசலுக்கு வந்தது. வழியில் வந்த நிலையங்கள் கோரமண்டல், உரிகம், சாம்பியன், கடைசியாக மாரிக்குப்பம்; சிலவற்றுக்குச் சுரங்கங்களே பெயர் கொடுத்தன. அதே பாதையில் வடஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வந்து இறங்கி, கர்நாடக மண்ணில் ஒரு தமிழ் நகரத்தை உண்டாக்கின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. அதாவது, அதைத் தேடிப் போன ரயில் பாதையின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆழம்!

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் தன் சுரங்கங்களை மூடியது. தங்கத்துக்காகப் போட்ட பாதை, தங்கம் நின்றதும் தானும் நிற்பதுதான் முறை. உலகெங்கும் சுரங்கக் கிளைகளின் தண்டவாளங்கள் அப்படித்தான் பெயர்க்கப்பட்டன. தங்கவயலில் பாதை பெயர்க்கப்படவில்லை. வேலை போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பெங்களூருவில் வேலை தேடிக்கொண்டார்கள். விடியும் முன்னே மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டிகள் நிரம்பி வழிந்து போகின்றன, இரவில் அதே கூட்டத்தோடு திரும்புகின்றன. ஒரு காலத்தில் வேலைக்கு ஆளைக் கொண்டுவந்த பாதை இப்போது வேலைக்கு ஆளைக் கொண்டுபோகிறது. பங்காருப்பேட்டையிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அப்படியானால் தினப் பயணி ஒருவர் போகும் 86 கிலோமீட்டரில் கிளையின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. பயணச்சீட்டுப் பணத்தைக் கிலோமீட்டர்வாரியாகப் பிரித்தால் கிளையின் பெயரில் விழுவது சில்லறை. மீதியெல்லாம் பெரும்பாதையின் வரவு. ஆனால் அந்த 16 கிலோமீட்டர் இல்லாவிட்டால் மிச்சம் 70-க்கும் அவர் டிக்கெட் வாங்குவாரா என்பது சந்தேகம். ஊரிலிருந்து பஸ் ஏறியவர் நடுவில் இறங்கி ரயிலுக்கு மாற மாட்டார். வேறு ஊருக்குக் குடிபோவார், அல்லது வேலையை விடுவார். சீசன் டிக்கெட்டே ரயில்வேக்கு நட்டம்தானே, பயணி அதிகமானால் நட்டமும் அதிகம்தானே என்று ஒருவர் கேட்கலாம். சரிதான். அது கட்டணக் கொள்கையின் நட்டம். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவிலும் அதே நட்டம் உண்டு, அங்கே அதற்காகத் தண்டவாளத்தைப் பெயர்க்க யாரும் சொல்வதில்லை. கிளையின் மேல் மட்டும் அந்தப் பழியை ஏற்றுவது எந்தக் கணக்கியலில் சேர்த்தி?

கிளை, பெரும்பாதை என்ற பிரிவே நிலையானதல்ல என்பதற்குப் பாம்பன் தீவு ஒன்றே போதும். 1914-இல் பாலம் திறந்தபோது போட் மெயில் போன பெருவழி தனுஷ்கோடிக்குத்தான். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். இராமேஸ்வரம் பாம்பனில் பிரிந்துபோன சிறு கிளை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் அதன் பாதையையும் அழித்தது. பெருவழி போயிற்று, கிளை தங்கியது. இன்று இராமேஸ்வரம் இந்தியாவின் பல மூலைகளிலிருந்து வண்டிகள் வந்து நிற்கும் முனையம். அதே பத்துக் கிலோமீட்டர்தான்.

நம் நாட்டிலும் கிளைகளைக் களையெடுக்கக் குழுக்கள் வந்தன. வருமானமற்ற கிளைப் பாதைகளுக்கென்றே 1969-இல் ஒரு குழு அமைந்தது. ரயில்வே சீர்திருத்தக் குழு 1983-இல் 40 கிளைகளை மூடலாம் என்று பரிந்துரைத்தது. மாநில அரசுகள் பெரும்பாலும் சம்மதிக்கவில்லை. அதனால் பல கிளைகள் மூடப்படவும் இல்லை, கவனிக்கப்படவும் இல்லை. இதுதான் குட்டிக் கிளைகளுக்கு நேர்ந்த மோசமான கதி. நாளுக்கு இரண்டு வண்டி, அதுவும் யாருக்கும் உதவாத நேரத்தில். ஜங்ஷனில் பெரிய வண்டி போன பிறகு வந்து சேரும் இணைப்பு. பிறகு பயணிகள் இல்லை என்று ஓர் அறிக்கை. மயிலாடுதுறை – தரங்கம்பாடி பாதை 1926 முதல் 1986 வரை ஓடி நின்றது, திரும்பவில்லை. நீடாமங்கலம் – மன்னார்குடி 1976-இல் நின்றது. ஆனால் அது 2011 செப்டம்பரில் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. வந்த பாதையில் பழையபடி நீடாமங்கலத்தோடு திரும்பும் குட்டி வண்டியை மட்டும் விடவில்லை. சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸ், கோவைக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ், திருப்பதிக்குப் பாமணி எக்ஸ்பிரஸ் என்று வண்டிகள் மன்னார்குடியிலிருந்தே புறப்பட்டன. ஜோத்பூர் அருகே உள்ள பகத் கி கோட்டி வரைக்கும் ஒரு வாராந்தர வண்டி ஓடியது.

மன்னார்குடி எடுத்துக்காட்டு செல்லாது, அது அரசியல் செல்வாக்கில் வந்த ரயில் என்பார்கள். செல்வாக்கு இருந்தது உண்மைதான். மத்திய அமைச்சராக இருந்த டி.ஆர். பாலு அந்தப் பகுதிக்காரர், அந்தப் பாதைக்காகப் பாடுபட்டதை அவரே மறைத்ததில்லை. ஆனால் எந்தக் கிளை அரசியலில்லாமல் வந்தது? ஜில்லா போர்டு தீர்வை வசூலித்ததும் அரசியல்தான், சுரங்கக் கம்பெனிக்காக மைசூர் அரசு பாதை போட்டதும் அரசியல்தான். கேட்க வேண்டியது, வந்த வண்டியில் ஆள் ஏறினார்களா என்பது. 1976-இல் ஆளில்லை என்று மூடிய ஊரிலிருந்து எக்ஸ்பிரஸ் வண்டிகள் கிளம்பின என்றால் இடையில் மாறியது ஊரல்ல, ஜங்ஷன். அன்று மூட்டையோடு நீடாமங்கலத்தில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. இன்று உட்கார்ந்த இடத்திலேயே சென்னை எழும்பூர். பஸ் இருக்கிறதே என்ற மறுப்பையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே மட்டும் போகிறவருக்கு பஸ்தான் மேல். கடைத்தெருவில் ஏறலாம், கேட்ட இடத்தில் இறங்கலாம். அந்த 14 கிலோமீட்டர் பயணத்துக்காக யாரும் ரயிலைக் கேட்கவில்லை. ரயில் பஸ்ஸோடு மோதித் தோற்றது அந்தக் குட்டித் தூரத்தில்தான். அது வெல்ல வேண்டிய களம் அதுவே அல்ல.

என் வாதத்துக்கு எல்லை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு, பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுபோகவென்று சேலம் மாவட்டத்தில் இரண்டு குறும்பாதைகள் போட்டார்கள். திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி 1905-இல் வந்தது. மொரப்பூர் – தர்மபுரி 1906-இல் வந்து, பின்னர் ஓசூர் வரை நீண்டது. இரண்டும் இரண்டரை அடி அகலம். பெரும்பாதையோ ஐந்தரை அடி. ஜங்ஷனில் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். அந்தக் கூலியிலும் தாமதத்திலும் மாட்டுவண்டியே மலிவாகிவிடும். போர்க்காலமான 1941-இல் இரண்டும் மூடப்பட்டன. இவற்றுக்காக நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஜங்ஷன் இருந்தும் இல்லாத கிளைகள் அவை. கஞ்சத்தனமாகப் போட்டதற்கு விலை கொடுத்தது கிருஷ்ணகிரி. மாவட்டத் தலைநகரான பிறகும் அந்த ஊருக்குள் ரயில் திரும்ப வரவில்லை. தங்கவயலுக்கு அகலப்பாதை போட்ட மைசூர் அரசு அதிகம் செலவழித்தது, அந்தச் செலவுதான் சுரங்கத்துக்கு அப்பாலும் பாதையைக் காப்பாற்றியது.

கடைசியாக ஒரு மறுப்பு மீதமிருக்கிறது, அதுதான் கனமானது. கிளையின் வரவை ஜங்ஷனில் எழுதினாலும், செலவு கிளையில்தானே ஆகிறது? நிலையம், ஊழியர், கேட், பராமரிப்பு எல்லாம் ஒரு சில மைலுக்கு வேண்டுமே? வேண்டும், பெரும்பாதையைப் போலவே அதை நடத்தினால். ஸ்டோர்பிரிட்ஜ்காரர்கள் அப்படி நடத்துவதை விட்டுவிட்டார்கள். அவர்களுடைய 1.3 கிலோமீட்டரில் கனமான ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 2009-இல் அதை எடுத்துவிட்டு, சுமார் 60 பேர் மட்டுமே கொள்ளும் இலகு வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். கார்களுக்குப் பொருந்தும் அளவில் ஓர் எரிவாயு என்ஜின், அதோடு கனத்த சுழல்சக்கரம் ஒன்று. பிரேக் போடும்போது வீணாகும் விசை அந்தச் சக்கரத்தைச் சுழற்றிச் சேமிப்பாகிறது, கிளம்பும்போது அதுவே வண்டியைத் தள்ளுகிறது. நிறுத்திக் கிளப்புவதே வேலையாக இருக்கும் குட்டிப் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. எரிபொருள் குறைந்தது, வண்டிகள் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகக் கூடின, ஞாயிற்றுக்கிழமையும் ஓடின. ஆண்டுக்கு லட்சக்கணக்கானவர்கள் அந்த மூன்று நிமிடப் பயணத்தைச் செய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜங்ஷனில் இறங்கி பர்மிங்காம் வண்டிக்கு மாறுகிறார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் உப்பளங்களைத் தொட்டு அகஸ்தியம்பள்ளி வரை போகும் 37 கிலோமீட்டர் பாதை 2023 ஏப்ரலில் அகலப்பாதையாகத் திரும்பத் திறந்தது. அதில் எந்த வண்டி, எத்தனை முறை, திருத்துறைப்பூண்டியில் எதற்கு இணைப்பாக என்று தீர்மானிப்பவர்கள் ஸ்டோர்பிரிட்ஜின் செலவுக் கணக்கையும் தங்கவயலின் வரவுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஜில்லா போர்டுகள் போட்ட பிற பாதைகளை, குறிப்பாகப் போத்தனூர் – பொள்ளாச்சியையும் திருநெல்வேலி – திருச்செந்தூரையும், அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்வோம்.